இரண்டு பட்டியலுக்கு நடுவில் தொலைந்த தமிழர்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ரெண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். "ஆமா, பம்பாயில நம்ம ஆளுக எத்தனை பேரு இருப்பாக?" கேட்பவர் சித்தப்பாவாக இருக்கலாம், தேர்தல் வேலைக்கு வந்த கட்சிக்காரராக இருக்கலாம், மகளுக்கு இங்கே மாப்பிள்ளை பார்க்க வந்தவராக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது.

பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். சங்க விழா மேடையில் 15 லட்சம் என்பார்கள். கட்சிக் கூட்டத்தில் 20 லட்சம். போன வருடம் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து 30 லட்சம் என்றார், கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. கணக்கோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு இந்தக் கைதட்டல்கள் ஒத்துக்கொள்வதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? மகாராஷ்டிரா மாநிலம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 5 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம் பேர். மும்பை மட்டுமல்ல, புனே, நாக்பூர், சோலாப்பூர் எல்லாம் சேர்த்து. மாநில மக்கள்தொகையோ 11 கோடியே 23 லட்சம். நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை. அந்த ஐந்து லட்சம் பேரும் மும்பை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் (இல்லவே இல்லை, தானே, டோம்பிவிலி, நவி மும்பைப் பக்கம் எத்தனை பேர்!), நகரத்தின் 1 கோடியே 24 லட்சத்தில் நூற்றுக்கு நாலு பேர்தான் வரும்.

"கணக்கெடுப்புக்காரன் தப்பா எழுதியிருப்பான்" என்பார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதுவது, இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தி என்று போட்டுவிடுவது எல்லாம் நடக்கும். ஆனால் அப்படி விட்டுப்போனவர்களைச் சேர்த்தாலும் ஐந்து லட்சம் முப்பது லட்சமாகாது. இன்னொரு வேடிக்கை தெரியுமா? அந்த 5 லட்சத்துக்குள் கைக்காடி பேசுகிறவர்களும் அடக்கம். கைக்காடி என்பது மகாராஷ்டிராவில் கூடை முடைந்து ஊர் ஊராகத் திரிந்த ஒரு சமூகத்தின் மொழி. கணக்கெடுப்பு அதைத் தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் தொகுக்கிறது. மேடையில் 30 லட்சம் சொன்ன பெரியவருக்கு அவர்களைப் பற்றித் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன் :-)

சரி, மொத்த எண்ணிக்கையை விடுங்கள். என்னைக் கேட்டால், 'எத்தனை பேர்' என்பதைவிட 'யார், எங்கே' என்பதுதான் முக்கியமான கேள்வி. அதைத்தான் நாம் கேட்பதே இல்லை.

செம்பூரில் என் வீட்டிலிருந்து மாட்டுங்கா, சாலை காலியாக இருந்தால் இருபது நிமிடம் (சாலை காலியாக இருப்பது கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள் காலையில் மட்டும்). மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்தே போகிற தூரம். மூன்றும் தமிழர் பகுதி என்றுதான் பேர். ஆனால் மூன்றும் ஒன்றா?

மாட்டுங்கா உண்டானதே பிளேக்கினால். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் செத்து விழ, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனை பிரித்தார்கள். இங்கிலீஷ் படித்து, டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணி, ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1952-ல் சண்முகானந்தா சபா, 1963-ல் அந்தப் பெரிய அரங்கம். கோயில், சபா, பள்ளிக்கூடம், ஃபில்டர் காபி என்று ஒரு மனிதனுக்கு வேண்டியதெல்லாம் அரை மைலுக்குள் வந்துவிட்டது.

செம்பூர் அதற்கு அடுத்த தலைமுறை. ஐம்பதுகளில் டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன, பிறகு உரத் தொழிற்சாலை. எஞ்சினியர், விஞ்ஞானி, கணக்கர் என்று வந்தவர்கள் செம்பூரில் வீடு பிடித்தார்கள். மாட்டுங்காவில் இடம் போதாமல் போன பிள்ளைகளும் இங்கேதான் நகர்ந்தார்கள். செட்டா நகர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை அன்று நின்று பாருங்கள், மயிலாப்பூரா என்று சந்தேகம் வரும்.

தாராவிக்கு வந்த பாதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நாற்றம் என்று நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்தது. அந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். பின்னாலேயே நாடார், தேவர், கோனார் என்று மற்றவர்களும் வந்தார்கள். சேற்றைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் தகரம் வைத்து, பிறகு செங்கல் வைத்து, மாடியும் ஏற்றிக் கட்டிய ஊர் அது. சுமார் 600 ஏக்கர். ஜனத்தொகை ஆறு லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. அங்கே தொண்ணூறடி ரோட்டில் நின்றால் காதில் விழுவது அசல் நெல்லைத் தமிழ். காலையில் சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரத்தை வைத்து 'பாம் பாம்' என்று ஹார்ன் அடித்து மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இட்லி கொண்டுவருகிறவர்கள் தாராவித் தமிழர்கள்தான். சினிமா உபயத்தில் ('நாயகன்' 1987, 'காலா' 2018) ஊரில் எல்லோருக்கும் தாராவி தெரியும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் சில குடும்பங்களுக்கு அங்கே ஒரு தெருப் பெயர்கூடத் தெரியாது.

இப்போது அரசாங்கக் கணக்குக்கு வருகிறேன். மும்பைக்கு இரண்டு மாவட்டங்கள். மும்பை நகரம் ஒன்று, 1990-ல் பிரித்த மும்பைப் புறநகர் இன்னொன்று. தாராவியும் மாட்டுங்காவும் நகர மாவட்டத்தில் வரும். செம்பூர் புறநகரில். தாய்மொழி வாரியான கணக்கு மாவட்ட அளவில் வெளியாகிறது. ஆக, அட்டவணையில் தாராவி தோல் தொழிலாளியின் பேரனும் மாட்டுங்கா ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் ஒரே கட்டத்துக்குள் 'தமிழ்'. நானும் அதே மாவட்டத்தில் இருந்திருந்தால் அதே கட்டம். மொழி என்ற அளவில் அது சரிதான். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்து யாருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், யாருக்குக் கடன் வேண்டும், யாருக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்று எதுவும் சொல்ல முடியாது.

சரி, பட்டியல் சாதியினர் அட்டவணை என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அதிலாவது தாராவித் தமிழ் தலித் தெரிவாரா என்றால், அங்கேதான் விஷயமே இருக்கிறது. அதில் அவர் இல்லை!

காரணம் எளிது. பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆதிதிராவிடர், பறையர், பள்ளர் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் உண்டு, மகாராஷ்டிராப் பட்டியலில் இல்லை. கணக்கெடுப்பாளர் கையில் இருப்பது அந்தந்த மாநிலப் பட்டியல். அதில் பெயர் இல்லாதவர் பட்டியல் சாதி அல்ல, 'மற்றவர்'. ஆக மொழிக் கணக்கில் அவர் வெறும் தமிழர், அங்கே சாதி கிடையாது. சாதிக் கணக்கில் அவர் பொதுப் பிரிவு, அங்கே மொழி கிடையாது. தமிழ் பேசும் தலித் என்று ஓர் ஆளே மும்பையின் காகிதங்களில் இல்லை. கிறிஸ்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம், தமிழ்நாட்டிலேயே பட்டியலில் வரமாட்டார்.

இது நமக்கு மட்டும் வந்த வம்பு அல்ல. வேலை நிமித்தம் அமெரிக்க மக்கள்தொகை அட்டவணைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்போது பார்த்திருக்கிறேன். அங்கே 'நீங்கள் ஹிஸ்பானியரா?' என்பது ஒரு கேள்வி. 'உங்கள் இனம் என்ன?' என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்கிற ஆட்கள் உண்டே? போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பேரப்பிள்ளைகள், ஸ்பானிஷ் பேசுகிற கறுப்பர்கள். 2010 கணக்கெடுப்பில் 5 கோடிக்கு மேற்பட்ட ஹிஸ்பானியர்களில் தங்களைக் கறுப்பர் என்று குறித்தவர்கள் இரண்டரை சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'வேறு ஏதோ இனம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள். கேள்வி தங்களுக்குப் பொருந்தவில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஆனாலும் அங்கே ஒரு சௌகரியம். இரண்டு பதில்களையும் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) எத்தனை கறுப்பு ஹிஸ்பானியர் என்று அட்டவணை போடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 62 கவுண்டிகள். ஹிஸ்பானியர் பாதிக்கு மேல் இருக்கும் கவுண்டி பிராங்ஸ் ஒன்றுதான். அதே ஆட்களில் கறுப்பர் எத்தனை பேர், வடக்கே கனடா எல்லைக் கவுண்டியில் எத்தனை பேர் என்று எவரும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் சண்டை போடுகிறார்கள். 2024 மார்ச்சில் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்க அந்த அரசு முடிவு செய்தபோது, இனி ஹிஸ்பானியர் என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கறுப்பு ஹிஸ்பானியர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்று அவர்களில் பலர் எதிர்த்தார்கள். நமக்கு இழக்கக்கூட ஓர் அட்டவணை கிடையாது.

இதெல்லாம் காகிதத்தோடு போகிற சமாசாரம் என்று நினைத்தால், ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிறான். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். கொள்ளுத்தாத்தா தோல் வேலைக்கு வந்தவர், சுதந்திரத்துக்கு முன்னால். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். இங்கே மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் பட்டியல் சாதி இடத்துக்கு விண்ணப்பிக்கப் போனான். "உன் சாதி எங்கள் பட்டியலில் இல்லை, உன் மாநிலத்தில் போய்க் கேள்" என்றார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற சொந்த ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த அதிகாரி ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க மூணு தலைமுறையா பம்பாய்க்காரங்க, அங்கதான் வாங்கணும்" என்றாராம்.

"அண்ணே, அங்க போனா பம்பாய்க்காரன், இங்க வந்தா மதராசி. நடுவுல நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்லதான் நான் எஸ்.சி. போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டப்படி பார்த்தால் இரண்டு பேருமே விதியைத்தான் படித்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்டில் குடும்பம் நிரந்தரமாக எந்த மாநிலத்தில் இருந்ததோ அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்த குடும்பம் என்றால் அப்பாவின் பழைய சான்றிதழைக் காட்டி, குடியேறிய மாநிலத்திலேயே ஒரு சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அது சொந்த மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும்தான் செல்லும். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டவர்கள் கதிதான் இப்படி. எவ்வளவு பழைய மும்பைக்காரனோ அவ்வளவு கஷ்டம்!

மகாராஷ்டிராவில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு குடும்பம். தகப்பனாருக்கு மும்பையில் பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை. மகன் இங்கேயே படித்து மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்டார். 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடியாது என்றது. ஒரு சாதி படும் கஷ்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆந்திராவில் பின்தங்கியவர் மகாராஷ்டிராவிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது வாதம். 1994-ல் மகாராஷ்டிரா சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள். 2018-ல் பீர் சிங் வழக்கிலும் அடிப்படை மாறவில்லை, மத்திய அரசுப் பணிகளுக்கு மட்டும் நாடு முழுக்கச் செல்லும் என்றார்கள்.

இதன் விளைவை மும்பை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ் வைத்திருக்கும் பெண் ஒருத்தி பவாயில் ஐ.ஐ.டி. வாசலில் நின்றால் பட்டியல் சாதி. அது மத்திய அரசு நிறுவனம். அங்கிருந்து பஸ் ஏறி மாநில அரசுக் கல்லூரி வாசலில் இறங்கினால் பொதுப் பிரிவு. ஒரே ஊர், ஒரே பெண், ஒரே நாள்.

தேர்தலில் இன்னும் விசேஷம். தாராவி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன்படி, மக்களவைத் தனித்தொகுதியில் எந்த மாநிலப் பட்டியல் சாதிக்காரரும் நிற்கலாம். சட்டமன்றத் தனித்தொகுதியில் அந்த மாநிலப் பட்டியலில் உள்ளவர்தான் நிற்க முடியும். அதாவது தாராவியில் பிறந்த ஓர் ஆதிதிராவிடர் சட்டப்படி உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனித்தொகுதியில் நின்று டில்லிக்குப் போகலாம். தன் தெரு இருக்கிற தாராவித் தொகுதியில் நிற்க முடியாது. பக்கத்தில் சயான் கோலிவாடா பொதுத்தொகுதி. அங்கே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என்று மூன்று முறை ஜெயித்துவிட்டார். தமிழர்கள் நெருக்கமாக வாழ்கிற, மும்பையின் எல்லோருக்கும் தெரிந்த தாராவியிலோ, அங்குள்ள தமிழ் தலித்துக்கு வாக்கு மட்டும் உண்டு.

நியாயமாகப் பேச வேண்டும். மகர், மாங் போன்ற இந்த மண்ணின் தலித் மக்கள் நூறு வருடம் போராடி வாங்கிய இடங்கள் இவை. இந்தியா முழுக்க இருந்து வருகிறவர்களும் மும்பையில் அதே இடங்களுக்கு வரிசையில் நின்றால் அவர்கள் பங்கு கரையும். நீதிமன்றத்தின் கவலையில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் 'கஷ்டம் இடத்துக்கு இடம் மாறும்' என்று சொல்லும்போது, மாறியதா இல்லையா என்று பார்க்க ஒரு கணக்கு வேண்டாமா? தோல் பதனிடக் கூட்டி வந்தது யாரை? அதே சாதியைத்தானே? ஊரில் செய்த வேலைக்காகவே இங்கே அழைத்து வரப்பட்டவரிடம், இங்கே நீ அந்த ஆள் இல்லை என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை. அதுவும் ஒரே மாநிலத்துக்குள்ளேயே, மேலே சொன்ன கைக்காடி சமூகம் விதர்பா மாவட்டங்களில் பட்டியல் சாதி, மற்ற மாவட்டங்களில் விமுக்த ஜாதி. கோடு போட்டது மனிதர்கள்தானே.

இதை நம் ஆட்களிடம் சொன்னால் முதலில் வருகிற எதிர்ப்பு இது: "ஊரை விட்டு வந்த இடத்தில் சாதியை ஏன் கிளறுகிறாய்? இங்கே எல்லோரும் மதராசிதான். அறுபதுகளில் அடி விழுந்தபோது ஐயர் என்றும் அரிஜனம் என்றும் பார்த்தா அடித்தான்?"

பார்த்துத்தான் எண்ணினார்கள் என்பேன். 1966-ல் சிவசேனை தொடங்குவதற்கு முன்பிருந்தே 'மார்மிக்' பத்திரிகையில் தென்னிந்தியப் பெயர்களின் பட்டியல் வாராவாரம் வந்தது. கம்பெனி அதிகாரிகள் பட்டியலையும் தொலைபேசிப் புத்தகத்தையும் பார்த்து எடுத்த பெயர்கள். அந்தக் காலத்தில் தாராவியில் யார் வீட்டில் டெலிபோன் இருந்தது? எந்தக் கம்பெனியில் அதிகாரி? நம் மேல் வெறுப்போடு எடுத்த கணக்கிலும் அவர்கள் வரவில்லை. ஆனால் தெருவில் கல் விழுந்தபோது பெட்டிக்கடையும் ஹோட்டலும் வைத்திருந்த எளிய ஆட்கள் தப்பவில்லை. எல்லோரும் மதராசி என்ற சமத்துவம் அடி வாங்குவதில் மட்டும் இருந்து என்ன பயன்?

மொழி விஷயத்திலும் 'எங்கே' என்ற கேள்வி காசுக்கு உதவும். மொழிச் சிறுபான்மையினர் ஒரு மாவட்டத்திலோ, தாலுகா, நகராட்சி போன்ற அதற்குக் கீழான பகுதியிலோ நூற்றுக்கு 15 பேருக்கு மேல் இருந்தால் முக்கியமான அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று 1950-களிலிருந்தே ஓர் ஒப்புதல் இருக்கிறது. மும்பை மாவட்டம் என்று எடுத்தால் தமிழ் அந்தப் பக்கமே வராது. தாராவியைத் தனியாக எடுத்தால் அந்த வாதத்தையாவது வைக்கலாம். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று வகுப்புகளை மூடும்போது, இந்த வார்டில் இத்தனை தமிழ்க் குழந்தைகள் என்று எடுத்துக்காட்ட நம் கையில் என்ன இருக்கிறது? மேடையில் கைதட்டல் வாங்கிய 30 லட்சம்தான்.

இதற்கு இப்போது ஏன் அவசரம் என்றால், தாராவியே கலையப்போகிறது. 2022-ல் மறுசீரமைப்பு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024-ல் வீடு வீடாக எண் போட்டு கணக்கெடுப்பு ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே எங்காவது. முலுண்டு உப்பளம், குர்லா பால்பண்ணை நிலம், தேவ்னார் குப்பைமேடு என்றெல்லாம் பெயர்கள் அடிபட்டன. தாராவியில் மாடியில் வாடகைக்கு இருப்பவர் யார், தரைத்தளத்தில் இருப்பவர் யார் என்று நம் வீட்டுக்கு இட்லி கொண்டுவருகிறவரைக் கேட்டுப் பாருங்கள். நூறு வருடமாக ஒரே இடத்தில் இருந்ததால் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த ஒரு கூட்டம், நாலு திசைக்கும் பிரித்துவிட்டால் எந்த அட்டவணையிலும் தெரியாது.

அதனால்தான் 2025 ஜூனில் அறிவித்த கணக்கெடுப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். 2027 மார்ச் 1 தான் அதன் அடிப்படை நாள். 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லோரிடமும் சாதியும் கேட்பது என்று 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தாய்மொழியும் ஒரே படிவத்தில், ஒரே ஆளிடம். ஆக முதல்முறையாக இரண்டையும் குறுக்கே வெட்டிப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. நம் சங்கங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: குடியேறியவர் தன் சாதியாக எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுங்கள், தாய்மொழியோடு சேர்த்து வார்டு வாரியாக வெளியிடுங்கள் என்று மனு கொடுப்பது. இட ஒதுக்கீடு கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆள் இருக்கிறார் என்பதை முதலில் பதியட்டும். மாட்டுங்கா, செம்பூர்ச் சங்கங்களுக்கு மனு எழுதத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓய்வுபெற்ற செயலாளர்கள் மட்டும் என் கட்டிடத்திலேயே நாலு பேர்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. தாய்மொழி என்றால் கணக்கெடுப்பின் அர்த்தத்தில் சிறுவயதில் அம்மா உங்களோடு பேசிய மொழி. உங்களுக்கு நன்றாகப் பேச வருகிற மொழி என்று அர்த்தமில்லை. தெரிந்த மற்ற மொழிகளுக்கு வேறு கேள்வி இருக்கிறது, இந்தியும் மராத்தியும் அங்கே போகட்டும். வீட்டுக்கு ஒரு பதில் கிடையாது, ஆளுக்கு ஒரு பதில். எனவே மராத்திப் பெண்ணைக் கட்டிய மகன் வீட்டில் அவரவருக்குத் தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேச்சு வராத கைக்குழந்தைக்கு அம்மாவின் மொழி. இந்த முறை இணையத்தில் நாமே நிரப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். தாராவியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். செம்பூரிலிருந்து சயான் வழியாகப் பஸ் இருக்கிறது.